விதைப் பொதியும் காணி உறுதியும்

2022 ஜூன் மாதம் இலங்கை அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் சம்பளத்தோடு விடுமுறை. பெற்றோல் இல்லாத நாட்டில் பயணம் மிச்சமாகும், அந்த நாளில் வீட்டில் மரக்கறி பயிரிடலாம் என்று காரணம் சொன்னார்கள். அதே மாதம் இராணுவம் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட தரிசு அரச நிலத்தில் பயிர்ச்செய்கை தொடங்கப்போவதாக அறிவித்தது. எங்கள் மலையகத் தோட்டங்களுக்கு விதைப் பொதி வந்தது. கத்தரி, மிளகாய், போஞ்சி, கீரை. ஒவ்வொன்றிலும் ஒரு பிடிக்கும் குறைவு. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அதை வாங்கியவர்களைப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பொருளாதார நெருக்கடி கடந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் ஊன்றப்பட்ட ஒரு கருத்து மட்டும் நன்றாக வேர்விட்டிருக்கிறது. கருத்தரங்குகளில், தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளில், நம்முடைய பத்திரிகைகளின் ஞாயிறு பக்கங்களில் எல்லாம் அதையே வாசிக்கிறேன். ஒவ்வொரு சமூகமும் தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்டால் பசி போய்விடும். அதற்கு வேண்டியவை ஆர்வம், பயிற்சி, நல்ல விதை. இடம் ஒரு பொருட்டே இல்லை, சாக்குப் பையிலும் பழைய டயரிலும் கூட வளர்க்கலாம். நம் மக்கள் நிவாரணத்தை எதிர்பார்த்துப் பழகிவிட்டார்கள், மண்ணை மறந்துவிட்டார்கள். இதைச் சொல்பவர்களில் பலர் நல்லவர்கள், எங்கள் மீது அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்டிருந்தால் இந்தக் கருத்து இவ்வளவு தூரம் பரவியிருக்காது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழ் பேசும் பிற ஊர்களில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருப்பது. வாழையும் முருங்கையும் நிற்கும் இடம். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலை. பிறந்த இடமும் வேலை செய்யும் இடமும் புதைக்கப்படும் இடமும் அதுதான், அதில் ஒரு அடியும் எங்களுடையது இல்லை. 1823இல் கோப்பிக்காக அழைத்துவரப்பட்ட முதல் கூட்டத்திலிருந்து எண்ணினால் இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் மக்கள் கேட்டவற்றில் காணியும் ஒன்று. இரு நூற்றாண்டுகளாக மண்ணைக் கொத்தியவர்களைப் பார்த்து மண்ணை மறந்துவிட்டீர்கள் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. நாங்கள் மண்ணை மறக்கவில்லை. மண் எங்கள் பெயரில் இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கருத்து முதலில் உடைவது கணக்கில்தான்.

தோட்டப்புறத்தில் காலையும் இரவும் பெரும்பாலும் ரொட்டிதான் சாப்பாடு. ரொட்டிக்குக் கோதுமை மா வேண்டும். கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அத்தனையும் கப்பலில் வருகிறது. 2022இல் டொலர் தீர்ந்து ரூபாய் வீழ்ந்தபோது மாவின் விலை ஏறிய வேகத்தில் எங்கள் குசினிகள் அடங்கிப்போயின. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து செய்த மதிப்பீடு 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகச் சொன்னது. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் மோசமாக இருந்தது தோட்டம். அந்தச் சமயம் கையில் கிடைத்தது கீரை விதை. நூறு கிராம் மாவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. நூறு கிராம் கீரையில் 30ஐத் தாண்டுவதே அரிது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 2,000 கலோரியாவது வேண்டும். அதைக் கீரையில் தேடினால் ஏழெட்டுக் கிலோ தின்ன வேண்டும்.

கீரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரும்புச்சத்தும் விட்டமின் ஏயும் அதில் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகளுக்கு அவை மிகவும் தேவை. 2016இன் குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். வீட்டுத்தோட்டம் சோற்றின் பக்கத்தில் வைக்கும் கறி. சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. கறியைச் சோறு என்று சொல்லிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சரி, சோற்றையும் விளைவிக்கலாமே என்பார்கள். எவ்வளவு காணி வேண்டும்? இலங்கையில் ஓர் ஆள் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோ அரிசி உண்கிறார். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 440 கிலோ. நெல்லாகச் சொன்னால் 680 கிலோ அளவில். நல்ல விளைச்சலில் ஹெக்டேருக்கு நான்கரை தொன் என்று வைத்துக்கொண்டால், ஒரு போகத்தில் அதை எடுக்கக் கிட்டத்தட்ட 60 பேர்ச் வயல் தேவை. புதிய வீடமைப்புத் திட்டங்களில் எங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 7 பேர்ச். ஏழு பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர். அதில் 550 சதுர அடி வீடு போகும், பாதை போகும், மலசலகூடம் போகும், மண்சரிவுக்கு அஞ்சிக் கட்டிய அணை போகும். மீதி நிற்பதும் சரிவு. உயரமான மலைக் குளிரில் நெல்லும் எளிதில் விளையாது. இதுவும் வீடு கிடைத்த சிலரின் கதைதான். மற்றவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில்தான் இன்றும் இருக்கிறார்கள்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தியது. நாள் சம்பளக்காரருக்கு விடுமுறை என்றால் பட்டினி. 2021இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்த ஆயிரமும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் கிடைத்தது, குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். விடிய நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பரா என்ற காப்பகத்தில் விட்டு மலைக்குப் போகும் பெண், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். வீட்டுத்தோட்டத்தைப் பராமரிக்கப் போவதும் அவர்தான். திட்ட அறிக்கைகளில் ‘பெண்களின் பங்கேற்பு’ என்று எழுதப்படுவது, அந்தப் பெண்ணின் ஒன்பதாவது மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் கூலியில்லாத வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்கலாம்: மனமிருந்தால் வழி பிறக்காதா? இதற்கு நான் தர்க்கத்தால் பதில் சொல்லப்போவதில்லை. வரலாறே ஒரு பரிசோதனை செய்து காட்டியிருக்கிறது.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விவசாயி அதை வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டார். அவரிடம் சொந்தக் காணி இருந்தது, அது பல இடங்களில் சில பரப்புதான் என்றாலும். வெட்டிய கிணறு இருந்தது, துலா மிதித்த இடத்தில் மண்ணெண்ணெய்ப் பம்பு வந்திருந்தது. விளைந்ததற்கு விலை இருந்தது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டியவர்களையும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களையும் அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது என்பதும் அதே கதையின் பகுதி.

அதே ஆண்டுகள், அதே அரசாங்கம், அதே தமிழ் பேசும் மக்கள். மலையகத்தில் என்ன நடந்தது? உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்துச் சிங்கள விவசாயி தன் வளவில் மரவள்ளி ஊன்றிச் சமாளித்தார். லயத்தில் இருந்தவருக்கு ஊன்ற இடம் இல்லை. 1973, 74இல் தோட்டங்களில் மக்கள் பசியால் செத்தார்கள்; 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் கிராமத்தையும் நகரத்தையும் விட மிக உயர்ந்து நின்றது. நுவரெலியா, ஹட்டன், கண்டித் தெருக்களில் தோட்டத்துக் குடும்பங்கள் பிச்சை எடுத்ததை எங்கள் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தார் உழைப்பாளிகள், மலையகத்தார் சோம்பேறிகள் என்றா இதற்கு விளக்கம் கொடுப்பது? உழைப்பு இரண்டு இடத்திலும் இருந்தது. காணியும் கிணறும் ஓரிடத்தில் மட்டும் இருந்தன.

காணி கிடைத்திருந்தால் எங்கள் மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1977 ஓகஸ்ட் வன்செயலில் அடித்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றிப் பயிர்செய்ய உதவியது. தேயிலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வன்னிக் காட்டை வெட்டி வெளியாக்கினார்கள், கிணறு வெட்டினார்கள், உழுந்தும் பயறும் நெல்லும் போட்டார்கள். ஒரு சமூகம் தன் உணவை விளைவிக்க உதவுவது என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முயற்சிதான். அது எப்படி முடிந்தது? 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் என்ற இரண்டு பண்ணைகளிலும் குடியிருந்த மலையக மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பயிர்செய்யத் தெரியாமல் தோற்கவில்லை. பயிர்செய்த மண்ணில் அவர்களை இருக்க விடவில்லை.

அதே வன்னியில் 2017இல் கேப்பாப்புலவு மக்கள் மாதக்கணக்காக வீதியோரம் குந்தியிருந்தது எதற்காக? இராணுவ வேலிக்குள் போன தங்கள் சொந்தக் காணிக்காக. அவர்களுக்கும் விதைப் பொதி கொடுக்க ஆட்கள் இருந்திருப்பார்கள்.

வெளிநாட்டு உதாரணங்கள் காட்டுவோரும் உண்டு. கியூபாவைப் பாருங்கள், சோவியத் விழுந்த பிறகு ஹவானா நகரமே மரக்கறி விளைவித்தது என்பார்கள். பார்த்தேன். அங்கே அரசு காலி நிலத்தைப் பயிரிடுவோருக்கு வாடகையின்றிப் பயன்படுத்தும் உரிமையோடு கொடுத்தது. 1962இல் தொடங்கிய பங்கீட்டு அட்டையையும் அந்தப் பஞ்சகாலத்தில் கைவிடவில்லை. அப்படியிருந்தும் கியூபா தன் உணவில் பெரும்பகுதியை இன்னும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. கியூபாவிடமிருந்து கீரைப்பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தையும் பங்கீட்டையும் விட்டுவிட்டால் அது கியூபாவாகாது.

நமக்கு அருகில் கேரளம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, கிடப்பில் கிடந்த வயல்களைக் குத்தகைக்கு எடுத்து, வங்கிக் கடன் பெற்று, நெல்லும் வாழையும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள். நான் மனமார மதிக்கும் முயற்சி அது. தனித்தனி வீட்டுத்தோட்டம் செய்ய முடியாததைக் கூட்டு உழைப்பு செய்யும் என்று அது காட்டியது. ஆனால் அங்கேயும் ஒரு புண் இருக்கிறது. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். தரிசைப் பெண்கள் பண்படுத்திக் கொடுத்ததும் உடைமையாளர் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆகச் சிறந்த உதாரணமும் வந்து இடறி விழும் இடம் காணிதான்.

தோட்டக் கம்பனிகளின் வாதத்தையும் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. தேயிலை ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிறது, அந்தக் காணியைத் துண்டாடினால் நாட்டின் வருமானம் போகும், உங்கள் வேலையும் போகும் என்கிறார்கள். தேயிலை நன்றாக நிற்கும் மலையை யாரும் கேட்கவில்லை. எந்தத் தோட்டத்துக்கும் வந்து பாருங்கள்: மீள்நடுகை செய்யாமல் விட்டுக் காடேறிய மலைகள் இருக்கின்றன. கொழுந்து எடுக்க ஆள் போகாத, பன்றியும் முள்ளம்பன்றியும் குடியேறிய காணிகள். இந்த மண் அரசுக்குச் சொந்தமானது. 1975இல் தேசியமயமாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. அரசு நினைத்தால் இராணுவத்துக்கு 1,500 ஏக்கர் தேடிக் கொடுக்க முடிகிறது. அப்படியானால் அந்த மலைகளில் ஒரு ஏக்கரைப் பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு குழுவின் பெயருக்கு எழுதிக் கொடுக்க எது தடுக்கிறது? ஆளுக்குப் பதினாறு பேர்ச். நால்வர் வீட்டுக்கு அது முழுச் சோறு போடாது என்பதை மேலே நானே கணக்கிட்டுக் காட்டிவிட்டேன். ஆனால் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் போட்டு விற்றுத் தின்னப் போதுமான இடம் அது. அதுவரை மாவுக்கு மானியம் வேண்டும், பள்ளிச் சாப்பாடும் கர்ப்பிணித் தாய்க்கான திரிபோஷச் சத்துமாவும் குறைக்கப்படக் கூடாது. தோட்டம் போடுகிறார்களே, இனி எதற்கு நிவாரணம் என்று யாராவது சொல்லத் தொடங்கினால், அந்த நாளிலிருந்து வீட்டுத்தோட்டம் ஏழைக்கு எதிரான ஆயுதமாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தை நிறுத்தி, விளைவிக்கத் தெரிந்த, காணியும் உள்ள விவசாயிகளின் கையை இந்த நாட்டின் அரசாங்கமே கட்டிப்போட்டது. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. அடுத்த ஆண்டு எழுதுவினைஞர்களை வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். உணவு குறைந்ததற்கான பொறுப்பு அப்படியே அரசாங்கத்தின் மேசையிலிருந்து நழுவிக் குடும்பங்களின் மடியில் விழுந்தது. நீ ஏன் பயிரிடவில்லை என்ற கேள்வி, நீங்கள் ஏன் விவசாயத்தைக் கெடுத்தீர்கள் என்ற கேள்வியை மூடிவிட்டது. இந்தக் கருத்தின் மேல் எனக்குள்ள ஆழ்ந்த கோபம் இதில்தான்.

காணிக்காக எங்கள் ஆட்கள் கேட்காமல் இருந்ததில்லை. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பகிரப்போகிறார்கள் என்றபோது தொழிலாளர்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் செத்தார். அந்தக் காணிப் பகிர்வு நின்றது. ஆனால் அந்தக் காணி எங்களுக்கும் வரவில்லை.

நான் வளர்ந்த லயத்துக்குப் பின்னால், வடிகானுக்கும் தேயிலைக்கும் நடுவே, கட்டில் அளவு ஒரு துண்டு இருந்தது. அம்மா அதில் போஞ்சியும் கோவாவும் போடுவார். தேயிலை மண் புளித்த மண். வேறு பயிர் பிடிக்க டொலமைற் போட வேண்டும், சாணி போட வேண்டும், சரிவில் கல் அடுக்க வேண்டும், மண் தேற நாலைந்து வருடம் ஆகும். அம்மாவுக்கு அது தெரியும். ஆனாலும் மூன்று மாதப் பயிரைத் தாண்டி எதுவும் போட மாட்டார். ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஒரு ஆனைக்கொய்யாக் கன்று கொண்டுபோனேன். “மரமெல்லாம் நட்டா தொர புடுங்கச் சொல்லிருவாரு, காணி கேட்கிறோம்னு நெனச்சிருவாங்க” என்று அதைப் பக்கத்துக் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் வடிகான் அகலப்படுத்த வந்தவர்கள் போஞ்சிக் கொடியையும் சேர்த்து வெட்டிப்போட்டார்கள். அன்று காய் பிஞ்சாக இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

சின்னம்மாவுக்கு இப்போது ஏழு பேர்ச்சில் வீடு வந்திருக்கிறது. உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை, வரும் என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் எட்டடி இடம். குடிபோன வாரமே அவர் அதில் நட்டது கீரையோ போஞ்சியோ இல்லை, ஆனைக்கொய்யா. காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும்.